இரும்புத் தூளும் குளிசையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றதும் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இரும்புத் தூளிலிருந்து தொடங்குகிறேன். இங்கே பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் மரக்கட்டையை விற்தராசால் இழுத்து உராய்வு படித்தோமே, அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான் இது.

வாகனங்களின் சிறிய பற்சில்லுகள் பலவற்றை உருக்கி வார்ப்பதில்லை. இரும்புத் தூளை அச்சில் கொட்டி, சதுர சென்ரிமீற்றருக்கு 4 முதல் 7 தொன் வரையான விசையால் அமுக்கி, பின் ஏறத்தாழ 1120 பாகை செல்சியசில் உருகவிடாமல் சுட்டெடுப்பார்கள். மேலிருந்து மட்டும் அமுக்கினால் மேற்பகுதி நன்றாக இறுகும். அடிப்பகுதி அவ்வளவாக இறுகாது. தூள் அச்சின் சுவரோடு உராய்வதால், கீழே போகப்போக அமுக்கம் குறைகிறது. ஆகவே இரு பக்கமும் அமுக்குவார்கள். நாக ஸ்டியரேற் போன்ற மசகையும் கலப்பார்கள். நிறையில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போகாது. முறுக்கு உரலுக்கு எண்ணெய் பூசுவது போலத்தான். மசகு போதாவிட்டால், வெளியே தள்ளும்போது துண்டு வெடிக்கும், அச்சும் தேயும். கூடினால் மசகே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடர்த்தி ஏறாது.

குளிசையும் அமுக்கிய தூள்தான். அதில் மசகு பெரும்பாலும் மக்னீசியம் ஸ்டியரேற். அது கூடினால் குளிசை உறுதியாக இராது. நீரை விலக்குவதால் வயிற்றில் கரையவும் தாமதமாகும். எந்த மருந்து எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும் என்று கணக்குப் பார்த்தே குளிசை செய்கிறார்கள்.

அந்தக் கணக்கை நான் ஒருமுறை சொல்ல மறந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயதான ஓர் அம்மாவுக்கு, மருந்தை மெல்ல மெல்ல விடும் இரத்த அழுத்தக் குளிசை எழுதிக் கொடுத்தேன். அவருக்கு விழுங்கக் கஷ்டம். மகள் அதை இடித்து, தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் சேர, அம்மா மயங்கி விழுந்தார். நல்லகாலம், பிழைத்துக்கொண்டார். “இடிக்கக் கூடாதெண்டு நீங்கள் சொல்லேல்லையே, டொக்டர்” என்றார் மகள். எனக்குப் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து விழுங்க முடியுமா என்று கேட்காமல் எவருக்கும் குளிசை எழுதுவதில்லை.

சாதாரண குளிசைகள் பலவற்றை உடைக்கலாம். மெல்ல விடுபவற்றையும், குடலில் கரைவதற்கென மேற்பூச்சு இட்டவற்றையும் இடிக்கக் கூடாது. எது எதுவென்று வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். விழுங்க முடியாதவர்களுக்குப் பல வேளைகளில் பாணி மருந்தாகவோ வேறு மருந்தாகவோ மாற்றிக் கொடுக்கலாம்.

உலகெங்கும் இருக்கும் தோழிகளே, ஊரிலுள்ள அம்மாவுடன் தொலைபேசியில் கதைக்கும்போது “சாப்பிட்டாச்சோ?” என்று கேட்பீர்கள். இனி, “குளிசையை இடிச்சோ குடிக்கிறியள்?” என்றும் ஒருதரம் கேளுங்கள்.