பேச வந்தவரும் கேட்க வந்தவர்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, சேவைச் சங்கக் கூட்டங்களிலே எத்தனையோ வருஷமா இருக்கிய. அதைப் பத்தியே 20 நிமிஷம் பேசிருங்க" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சங்கங்களில் வெளியிலிருந்து வரும் விருந்தினர் பேச்சுக்கு ஒதுக்குகிற நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த 20 நிமிஷத்தால் என்ன பயன் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

நம் வடசேரி, நாகர்கோவில் பக்கத்துக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மணி அடிப்பார்கள். வரவேற்புரை, செயலாளர் அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் முடியும். பிறகு விருந்தினரை அறிமுகம் செய்ய ஒருவர் எழுந்து, அவர் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிப்பார். பொன்னாடை, போட்டோ. பேச்சு முடிந்ததும் நினைவுப் பரிசு, மறுபடி போட்டோ, நன்றியுரை. "கேள்வி ஏதாவது உண்டா?" என்று தலைவர் கேட்கும்போது பின்வரிசையில் பாதிப்பேர் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். இதில் பேச வந்தவர் குறை ஒன்றும் இல்லை. அவரைக் கூப்பிட்டது எதற்கு என்பதை நாம்தான் மறந்துபோனோம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு ஓர் அலுவலகத்தில் கூடினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் இடத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது அன்றைய ஏற்பாடு. வக்கீலுக்கு நிலக்கரி தெரியாது, தையல்காரருக்குச் சுரங்கம் தெரியாது. ஆகவே ஒருவர் தம் தொழிலைச் சொல்ல, மற்றவர்கள் கேட்பதே கூட்டத்தின் சுவையாக இருந்தது. இந்தியாவில் 1919-இல் கல்கத்தாவுக்கும், 1929-இல் சென்னைக்கும் ரோட்டரி வந்தது. மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் தொடங்கிய லயன்ஸ் இயக்கம் 1956-இல் பம்பாய்க்கு வந்தது. நம் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததும் அதே வருஷம்தான்.

அந்த லயன்ஸ் இயக்கத்தின் போக்கையே மாற்றியது ஒரு விருந்தினர் பேச்சு. 1925 ஜூன் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்துச் சீடர் பாயின்ட் என்ற இடத்தில் அவர்களுடைய மாநாடு. பேச வந்தவர் ஹெலன் கெல்லர். ஒன்றரை வயது தாண்டிய குழந்தையாக இருந்தபோதே பார்வையும் கேள்வியும் இழந்தவர். அவர் சங்கத்தைப் புகழ்ந்து தள்ளிவிட்டுப் போகவில்லை. பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் ஆக வேண்டும் என்று நேருக்கு நேர் கேட்டார். மாநாடு ஏற்றுக்கொண்டது. எட்டு வயதே ஆன அந்த இயக்கத்துக்கு அன்றிலிருந்து கண் பணி முதன்மைப் பணி ஆயிற்று. நம் ஊர்ப் பக்கம் லயன்ஸ் என்றாலே கண் சிகிச்சை முகாம் என்று ஜனங்கள் நினைப்பதற்கு மூலம் அந்தப் பேச்சுதான்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களை முறைப்படி உறுப்பினராகச் சேர்க்க லயன்ஸுக்கு 1987 வரை ஆயிற்று. ரோட்டரிக்கு 1989. தன்னை மற்றவர்களைப்போல் உறுப்பினராகச் சேர்க்காத ஒரு சங்கத்துக்கு ஒரு பெண் வந்து வழி காட்டியிருக்கிறார். வெளியே இருக்கிறவருக்குத்தான் உள்ளே இருக்கிறவர்களின் வேலை என்னவென்று சில நேரம் நன்றாகத் தெரிகிறது.

அந்தக் கண் முகாம்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் மதுரை அரவிந்த் மருத்துவமனை. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர்களை மருத்துவமனை அனுப்பும். இடம் பிடித்து, விளம்பரம் செய்து, ஆட்களைத் திரட்டுவது உள்ளூர்ச் சங்கங்களின் பொறுப்பு. எந்தக் கிராமத்தில் கண் தெரியாமல் வீட்டிலேயே கிடக்கும் பாட்டி இருக்கிறாள், அவளை யார் கூட்டி வருவார்கள் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் சொன்னால்தானே தெரியும்?

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்ததை நம் மாவட்டம் மறக்காது. குளச்சல் அழிந்ததையும் மணக்குடிப் பாலம் பிய்ந்து போனதையும் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாலா பக்கத்திலிருந்தும் உதவி வந்தது. அதோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணியும் வந்தது. உடுக்க ஆளில்லாமல் ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் வலையும் வள்ளமும் போய் நிற்கிறவனிடம், "உனக்கு என்ன வேணும் மக்கா?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கலுக்குப் போனவர்களுக்குக் கரையிலிருந்து சேதி சொல்லி எட்டவில்லை. அந்தக் கடலில் எத்தனை மைலுக்கு அப்பால் போன் செத்துப்போகும், ஒரு படகில் என்ன கருவி இருந்தால் பிழைக்கலாம் என்பதைச் சொல்லத் தகுதியானவர் யார்? படகோட்டிதான். அவரை ஒரு நாள் மேடையேற்றி 20 நிமிஷம் கேட்டால் சங்கத்துக்கு அடுத்த வருஷத் திட்டம் தானாகக் கிடைக்கும். விருந்தினர் பேச்சு என்பது சங்கத்துக்குக் காது. காது அடைத்துப்போன சேவை பழைய துணி மூட்டைதான்.

அப்படியானால் பெரிய அதிகாரிகளைக் கூப்பிட வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கூப்பிடலாம். கலெக்டர் வந்தால் ஒரு காரியம் சீக்கிரம் நடக்கும். ஆனால் வருஷம் முழுக்கப் பதவியில் இருப்பவர்கள் மட்டுமே வந்தால் கூட்டம் மரியாதைச் சடங்காகிவிடும். நம் வடசேரியிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! வெள்ளியில் தகடு அடித்து, சிவப்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிக் கோயில் நகை செய்கிறவர்கள் உண்டு. சாமிக்குச் செய்தது பரதநாட்டிய மேடைக்குப் போய், இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அந்த வேலை அடுத்த தலைமுறைக்குப் போகுமா, குனிந்தே இருந்து கண்ணும் முதுகும் என்ன ஆகிறது என்று அவர்களிடம் கேட்டிருக்கிறோமா? கனகமூலம் சந்தையில் விடியுமுன் சுமை இறக்குகிறவர், பஸ் ஸ்டாண்டில் ராத்திரி துப்புரவு செய்கிற அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். இவர்கள் எல்லாரும் விருந்தினர்கள்தான். "எனக்கு மேடையிலே பேச வராதே" என்பார்கள். மைக்கை எடுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்காருங்கள். நாம் கேட்டால் அவர்கள் சொல்லுவார்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. வில்லுப்பாட்டுப் பிறந்து வளர்ந்த மண் இது. புலவர் கதை சொல்லும்போது பக்கப்பாட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார். "ஆமா" போடுவார், "அப்புறம் என்னாச்சு?" என்று இடையில் கேட்பார். கேட்பவன் உயிரோடு இருந்தால்தான் சொல்பவனுக்கு வேகம் வரும். நம் கூட்டங்களில் குறைந்துபோனது அந்த "ஆமா"தான்.

அனுபவத்தில் கண்ட சில சின்ன யோசனைகளைச் சொல்கிறேன். அறிமுகம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பேச்சு 20 நிமிஷம் என்றால் கேள்விக்கு 15 நிமிஷம், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். விருந்தினரை அழைக்கும்போதே, "முடிக்கும்போது சங்கத்திடம் ஒரே ஒரு காரியம் கேளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். ஹெலன் கெல்லர் செய்தது அதுதான். அந்தக் கோரிக்கையைச் செயலாளர் நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து என்ன செய்தோம் என்று கூட்டத்தில் வாசிக்க வேண்டும். முடிந்தால் அதே விருந்தினரைக் கூப்பிட்டு அவர் முன்னிலையிலேயே வாசிக்கலாம். செய்யவில்லை என்றால் அதையும் வாசிக்க வேண்டும். பொன்னாடையைவிட அது பெரிய மரியாதை.

தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. ரோட்டரியின் சட்டமே 2016-இல் தளர்ந்து, வாரந்தோறும் கூடவேண்டிய சங்கம் மாதம் இரண்டு முறை கூடினால் போதும் என்று ஆயிற்று. பல ஊர்களில் உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது. எங்களைப்போல் நரைத்த தலைகள் மட்டும் இருந்தால் நாற்காலிகள் இன்னும் காலியாகும். உங்களுக்கு ரோட்டராக்ட் இருக்கிறது, லியோ இருக்கிறது. அதில் சேர்ந்து முதலில் கேட்கப் பழகுங்கள். வாரம் ஒருவரை, உங்கள் தெருவிலிருந்தே, பேச அழைத்துப் பாருங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து வந்திருக்கும் நண்பர்களே, லீவுக்கு வரும்போது ஒரு சாயங்காலம் ஒதுக்கி உள்ளூர்ச் சங்கத்தில் பேசுங்கள். எத்தனை நாடு பார்த்தீர்கள் என்பதை வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே நீங்கள் வேலை பார்க்கும் தொழிலைச் சொல்லுங்கள், அதில் நம் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஓடிவிடாமல் பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

என் நேரம் முடிந்தது. நான் சொன்னபடி நானும் ஒன்று கேட்க வேண்டும் அல்லவா? அடுத்த சந்திப்பில் இந்த மேடையில் பேச ஒரு கோயில் நகைத் தொழிலாளியை நம் சங்கம் அழைக்கட்டும். செயலாளர் நோட்டில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டு முடிக்கிறேன். இனி நீங்கள் கேள்வி கேட்கலாம். சாப்பாடு கொஞ்சம் பொறுக்கும்.