அடுத்த தடவை பார்த்துக் கொள்ளலாம்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

பாரிஸ் போய் வந்த அனுபவத்தைப் பேசும்படி செயலாளர் கேட்டுக் கொண்டார். எங்கள் மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். அதனால் 2018-லும் 2025-லும் இரண்டு தடவை போகும் பாக்கியம் கிடைத்தது.

முதல் தடவை ஐந்தே நாள். கையில் பட்டியல், பையில் தயிர் சாதம், கண் எப்போதும் வாட்ச் மேல். ஈஃபில் டவர் ஏறினோம். 1889 பொருட்காட்சிக்காகக் கட்டிய அந்த இரும்புக் கோபுரத்துக்கு 20 வருஷம்தான் கெடு வைத்திருந்தார்களாம். கம்பியில்லாத் தந்திக்கு உபயோகப்பட்டதால் பிழைத்தது. லூவ்ர் மியூசியத்தில் மோனாலிசா. 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், அவ்வளவுதான் படம். முன்னால் திருப்பதிக் கூட்டம். "ஜருகண்டி" சொல்ல ஆள் இல்லாத குறைதான்!

கடைசி நாள் நோத்ருதாம் மாதா கோயில். 1163-ல் ஆரம்பித்து, கட்டி முடிக்க ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆனதாம். வாசலில் நீண்ட வரிசை. "கண்ணாடிச் சாளரமெல்லாம் ரொம்ப அழகுன்னு பொண்ணு சொன்னாளே, நின்னு பார்த்துட்டுப் போலாமே" என்றாள் என் மனைவி. "850 வருஷமா நிக்கறது, எங்கே போயிடப் போறது? அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்லி, வெளியே நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக் கொண்டு கிளம்பி விட்டேன்.

2019 ஏப்ரல் 15. இரவு பதினொரு மணிக்கு மேல் டிவியில் அந்தக் கோயில் எரிந்து கொண்டிருந்தது. பார்த்துக் கொண்டிருக்கும்போதே கூரையின் நடுவிலிருந்த ஊசிக் கோபுரம் சரிந்து விழுந்தது. என் மனைவி ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. "அன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னிருக்கலாமோன்னா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சுமார் 2,000 ஓக் மரங்களை வெட்டி, பழைய முறைப்படியே உத்தரங்களைக் கோடாலியால் செதுக்கி, கூரையைத் திரும்பக் கட்டினார்கள். 2024 டிசம்பரில் கோயிலைத் திறந்தார்கள். 2025-ல் நாங்கள் போனபோது கோயில் தயார். ஆனால் என் மனைவியின் முழங்கால் பழைய முழங்கால் இல்லை. கையில் தடி. "முடியுமா?" என்றேன். "நிக்கறேன்" என்றாள். நின்றோம்.

உள்ளே கல்லெல்லாம் கரி நீங்கிப் பளிச்சென்று இருந்தது. தீயில் தப்பித்த வட்டச் சாளரங்களின் நீலமும் சிவப்பும் கண்ணை விட்டு அகலவில்லை. அவள் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருந்தாள். பழக்க தோஷம், நான் வாட்சைப் பார்த்தேன். "அதைக் கழட்டிப் பையில வைங்கோ" என்றாள். வைத்து விட்டேன். அன்று மத்தியானம் வேறெங்கும் போகவில்லை.

இந்தத் தடவை நான் பார்த்த இடங்கள் குறைவு. ஆனால் ஊர் திரும்பிய பிறகு கண்ணை மூடினால் வருவது அந்த ஒரு மத்தியானம்தான். வெளியூர் போகும் நம் உறுப்பினர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: பட்டியலைப் பாதியாக்குங்கள், கூட வருகிறவர் ஆசைப்பட்டதை அன்றைக்கே பார்த்து விடுங்கள். கட்டடம் எரிந்தால்கூடக் கட்டி விடுகிறார்கள். முழங்காலுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது!