ஒரு மீட்டர் குச்சி: சின்னப் படகுக்கு ஏன் டில்லர் எக்ஸ்டென்ஷன் வேணும்?

இந்த வாரம் ஏஐ கிடையாது, அப்ரைசல் கிடையாது. ஒரு குச்சியைப் பற்றிப் பேசப் போறோம். நீளம் ஒரு மீட்டரும் கொஞ்சமும். எடை ஒரு தண்ணி பாட்டிலை விடக் குறைவு. பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிற ஒருத்தர், "நமக்கு இது செட் ஆகாது"ன்னு ரெண்டாவது வாரமே வீட்டுக்குப் போறதும், தொடர்ந்து ஓட்டுறதும் சில சமயம் இந்தக் குச்சியைப் பொறுத்துத்தான் இருக்கு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். மயிலாப்பூர், தி. நகர், அடையாறுன்னு இந்தப் பக்கம் இருக்கிற நம்ம எல்லாருக்கும் கடல் பக்கத்துலதான். ஆனா நமக்குக் கடல்னா சுண்டல், பஜ்ஜி, கால் நனைக்கிறது, அவ்வளவுதான். சென்னைத் துறைமுகத்துக்குள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேலா பாய்மரப் படகு ஓட்டிட்டு இருக்காங்க. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல ஆரம்பிச்சது. அன்றைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதுக்குக் காரணமா இருந்தவர். தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் அங்கேதான் பயிற்சி கொடுக்குது.

இப்போ படகுக்கு வருவோம். சின்னப் பாய்மரப் படகை டிங்கின்னு சொல்லுவாங்க. இன்ஜின் கிடையாது. பின்னாடி தண்ணிக்குள்ள ஒரு பலகை இறங்கியிருக்கும், அது சுக்கான். சுக்கானோட தலையில இருந்து படகுக்குள்ள நீட்டிட்டு வர்ற கட்டைதான் டில்லர். ஆட்டோவுல ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புறோமோ அந்தப் பக்கம் வண்டி போகும். டில்லர் அதுக்கு நேர் எதிர். வலப்பக்கம் தள்ளினா படகோட மூக்கு இடப்பக்கம் திரும்பும். இது அரை மணி நேரத்துல கைக்குப் பழகிடும்.

பழகாதது வேற ஒண்ணு. காற்று பாயை அடிக்கும்போது படகு ஒரு பக்கமா சாயும். இழுத்துப் பிடிக்க அடியில கனமான இரும்போ ஈயமோ கிடையாது. அந்த எடை நீங்கதான். காற்று வர்ற பக்கம் போய் உட்கார்ந்து, காலைப் படகுக்குள்ள இருக்கிற பட்டையில மாட்டி, உடம்பை வெளியே சாய்க்கணும். இதுக்குப் பேர் ஹைக்கிங்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. உங்க எடை 60 கிலோன்னு வெச்சுக்கலாம். படகுக்குள்ள உட்கார்ந்தா நடுக்கோட்டுல இருந்து உங்க எடையின் மையம் அரை மீட்டர் தள்ளி இருக்கும். 60-ஐ 0.5-ஆல பெருக்கினா 30. வெளியே நல்லா சாய்ஞ்சா அந்த மையம் 1.1 மீட்டர் தள்ளிப் போகுதுன்னு வைங்க. 66. அதே உடம்பு, அதே எடை, ஆனா படகை நிமிர்த்துற திறன் ரெண்டு மடங்குக்கு மேல. ஜிம்முக்குப் போக வேண்டாம், அறுபது சென்டிமீட்டர் நகர்ந்தா போதும்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைச்சுடாதீங்க. பாக் நீரிணைக் கரையில, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வத்தைன்னு பாய்மரப் படகுகள் இருந்தது. அதுல குறுக்கே ஒரு நீளமான பலகையைப் போட்டு, காற்று வர்ற பக்கம் வெளியே நீட்டி விடுவாங்க. காற்று ஏற ஏற ஆட்கள் அந்தப் பலகை மேல வெளியே நகர்ந்து உட்காருவாங்க. மெட்ராஸ் மீன்வளத் துறையில வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல வெளியிட்ட ஆய்வுல இந்தச் சமநிலைப் பலகையைப் பதிவு பண்ணியிருக்கார். நம்ம ஊர் மீனவர்கள் பலகையில செஞ்சதை இன்னிக்கு டிங்கிக்காரங்க வயித்துத் தசையால செய்றாங்க.

ஆனா வத்தையில ஒருத்தர் சுக்கானைப் பார்த்துக்குவார், வேற ஆட்கள் பலகையில உட்காருவாங்க. ஒருத்தர் மட்டும் ஓட்டுற டிங்கியில ரெண்டு வேலையும் உங்களுக்குத்தான். இங்கேதான் சிக்கல். உடம்பு படகுக்கு வெளியே இருக்கணும், டில்லரோ படகுக்கு நடுவுல இருக்கு. டில்லரைப் பிடிச்சா உள்ளே உட்காரணும். வெளியே போனா டில்லரை விடணும். சென்னையில காலையில காற்று சாதுவா இருக்கும். மதியத்துக்கு மேல கடல்காற்று ஏறும். சரியா அந்த நேரத்துல படகு சாயும், புதுசா வந்தவர் டில்லரை விடப் பயந்து உள்ளேயே குறுகுவார், படகு கவிழும். ரெண்டு மூணு தடவை இப்படி ஆனா, "எனக்கு பேலன்ஸ் இல்ல, பலம் இல்ல"ன்னு முடிவுக்கு வந்துடுவாங்க. உண்மையில அவங்ககிட்ட இல்லாதது கை நீளம்.

அந்த நீளத்தைக் கொடுக்கிறதுதான் எக்ஸ்டென்ஷன். டில்லரோட முன் நுனியில, எல்லாப் பக்கமும் வளையுற ஒரு மூட்டு. அந்த மூட்டுல ஒரு குச்சி. அவ்வளவுதான்.

நம்ம ஊர்ப் பொண்ணு நேத்ரா குமணனை எடுத்துக்கோங்க. 2021 ஏப்ரல்ல ஓமன்ல நடந்த தகுதிப் போட்டி மூலமா, செய்லிங்ல ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனாங்க. டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் கலந்துகிட்டாங்க. அவங்க ஓட்டுறது லேசர் ரேடியல், இப்போ ஐஎல்சிஏ 6-ன்னு பேர். நீளம் 4.23 மீட்டர், ஒரே ஆள். அந்த வகுப்புல எல்லாருக்கும் ஒரே அச்சுப் படகு, ஒரே அளவு பாய். சும்மா எதையும் மாற்ற முடியாது. ஓட்டுறவர் தன் உடம்புக்கு ஏத்த மாதிரி தேர்ந்தெடுக்க அனுமதி இருக்கிற சில பொருள்கள்ல இந்தக் குச்சியும் ஒண்ணு.

இன்னொரு ஜோடி, கே.சி. கணபதியும் வருண் தக்கரும். 2018 ஆசிய விளையாட்டுல வெண்கலம். அவங்க படகு 49இஆர். அதுல ரெண்டு பேரும் இடுப்புல கம்பியை மாட்டிக்கிட்டு, படகோட விளிம்புல நின்னு, முழு உடம்பையும் தண்ணிக்கு மேல சாய்ப்பாங்க. நீளமான எக்ஸ்டென்ஷன் இல்லேன்னா அந்தப் படகை ஓட்டவே முடியாது.

சரி, பழைய டிங்கி ஒண்ணு கைக்கு வந்திருக்கு, வெறும் டில்லர் மட்டும் இருக்கு. என்ன செய்யலாம்?

முதல்ல நீளம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி படகைத் தரையில வைங்க. ஒரு ஃபிரண்ட் மறுபக்கம் அழுத்திப் பிடிச்சுக்கட்டும். காலைப் பட்டையில மாட்டி வெளியே சாயுங்க. டில்லர் நுனியில இருந்து உங்க நெஞ்சு வரைக்கும் அளந்து, ஒரு சாண் சேர்த்துக்கோங்க. ஐஎல்சிஏ மாதிரிப் படகுக்கு 1.05-ல இருந்து 1.2 மீட்டருக்குள்ள வரும். நீளம் அதிகமா இருந்தா நல்லதுன்னு இல்ல. படகைத் திருப்பும்போது குச்சி நடுவுல இருக்கிற பாய்க் கயிற்றுல மாட்டிக்கும்.

ரெண்டாவது, குச்சி. அலுமினியக் குழாய் போதும், கனம் இல்லாம வளையாம இருக்கும். நேரான மூங்கிலும் நல்லாவே வேலை செய்யும். பிவிசி பைப் வேண்டாம். அது வளையும், நீங்க தள்ளினது சுக்கானுக்குத் தாமதமா போய்ச் சேரும். குழாயோட ரெண்டு முனையையும் அடைச்சுடுங்க. தண்ணி உள்ளே போகாது, கழன்று விழுந்தாலும் மிதக்கும். பிடிக்க கிரிக்கெட் பேட்டுக்குப் போடுற ரப்பர் கிரிப் போதும், தி. நகர்ல ஸ்போர்ட்ஸ் கடையிலயே கிடைக்கும்.

மூணாவது, மூட்டு. காசைச் செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான். வெறும் போல்ட் போட்டா குச்சி இடம் வலமா மட்டும்தான் ஆடும். நீங்க வெளியே சாயும்போது குச்சி மேல எழும்பணும், திரும்பும்போது சுழலணும். அதனால படகுக்குன்னே வர்ற ரப்பர் மூட்டு வாங்குங்க. டில்லர் நுனியில இருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் உள்ளே துளை போட்டு, அதிர்வுல கழலாத நைலான் வளையம் வெச்ச நட் போடுங்க. மரத்துல துளை போட்டா உள் சுவருக்கு எபாக்ஸி பூசுங்க, இல்லேன்னா உள்ளேயே ஊறிப் போகும்.

நாலாவது, உப்பு. அலுமினியத்துல ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவுல கடல் தண்ணி. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா? அது ஒரு பேட்டரி. அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிச்சுப் போகும். நடுவுல பிளாஸ்டிக் வாஷர் போடுங்க, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணியில கழுவுங்க. ஒவ்வொரு முறை இறங்குறதுக்கு முன்னாடியும் அந்த ரப்பரை மடக்கி வெடிப்பு இருக்கான்னு பாருங்க. நீங்க முழுசா வெளியே சாய்ஞ்சிருக்கும்போது அது அறுந்தா, பிடிக்க வேற எதுவும் இல்ல.

பிடிக்கிற விதம்? மைக் பிடிக்கிற மாதிரி. குச்சி மார்புக்குக் குறுக்கே, கட்டைவிரல் மேல் முனைப் பக்கம். அப்போ அந்தக் கையோட விரல்களே பாய்க் கயிற்றையும் பிடிக்க உதவும். படகு சாய்ஞ்சா முதல்ல கயிற்றைக் கொஞ்சம் விடுங்க, உடம்பை வெளியே தள்ளுங்க, அப்புறம்தான் டில்லர். சுக்கானைப் பெருசா ஆட்டினா அது பிரேக் போட்ட மாதிரி. திரும்பும்போது பழைய கையாலேயே, முதுகுக்குப் பின்னாடி குச்சியைப் பிடிச்சபடி மறுபக்கம் உட்கார்ந்துட்டு, அதுக்கப்புறம் கை மாற்றணும்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுட்டு பெசன்ட் நகர் கரையில இருந்து தனியா இறங்கிடாதீங்க. அலை உடையுற இடம் பழகினவங்களுக்கே ஆபத்து. துறைமுகத்துக்குள்ள போக அனுமதி வேணும். ஒரு கிளப் மூலமா, லைஃப் ஜாக்கெட்டோட, மீட்புப் படகு பக்கத்துல இருக்கும்போது இறங்குங்க.

சாஃப்ட்வேர்காரனா எனக்கு இந்தக் குச்சி பிடிக்கக் காரணம் இதுதான். ஒருத்தர் ஒரு விஷயத்துல திணறினா நாம உடனே ஆளைத்தான் சந்தேகப்படுறோம். இன்னும் தைரியம் வேணும், இன்னும் பிராக்டிஸ் வேணும்னு சொல்றோம். சில சமயம் ஆள் சரியாத்தான் இருக்கார், அவர் நிற்க வேண்டிய இடத்துக்குக் கைப்பிடி எட்டலை. டீமுக்குப் புதுசா வந்தவர் திணறினா, முதல்ல அவருக்கு எது எட்டலைன்னு பாருங்க.

அடுத்த வாரம் கவிழ்ந்த டிங்கியை ஒரே ஆளா எப்படி நிமிர்த்துறதுன்னு பேசுவோம். கேள்வி இருந்தா அனுப்புங்க.