நண்டு ஓட இடம் விடுங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குத் தெரிஞ்சது தறியும், வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு பாத்தியும்தான். 6 அடி நீளம், 4 அடி அகலம். மகளுக்கு ரத்தம் கம்மி, காய் கீரை கொடுங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. வாரக் கூலியில தினமும் காய் வாங்க முடியல. அதனால போன வருஷம் ஆடிப் பட்டத்துல 18 கத்தரி நாத்து நட்டேன்.

எங்க மாமியார் பார்த்துட்டு, "பன்னெண்டைப் பிடுங்கிடு" என்றார். எனக்கு மனசு வரல. செடியெல்லாம் வெயிலைத் தேடி ஒல்லியா வளர்ந்தது. உள்ளே காத்து போகல, இலை ஈரம் காயல, பூச்சி வந்தது. காய்ச்சது கைப்பிடிதான்.

நம்ம பெரியவங்க சொல்லுவாங்களே, நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட. ஒற்றை நாற்று நடவுன்னு சொல்ற திருந்திய நெல் சாகுபடியும் இதேதான். 14 நாள் நாத்தை ஏறக்குறைய 25 செ.மீ. இடைவெளியில ஒண்ணு ஒண்ணா நடுறாங்க. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். வேர் பரவி, தூர் நிறைய கட்டுது.

நெசவுக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? அச்சுப் பல்லுல அளவுக்கு மேல இழை கோத்தா பாவு அறுந்து போகாதா?

குறிச்சுக்குங்க. கத்தரிக்கு 2 அடி. தக்காளி, மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒரு முழம். வெண்டைக்கு வரிசை ஒரு முழம், செடிக்குச் செடி ஒரு அடி. பப்பாளிக்கு 6 அடி, முருங்கைக்கு 8 அடி. கீரை நெருக்கமா முளைச்சா நடுநடுவே பிடுங்குங்க. அது அன்னிக்குக் கூட்டுக்கு ஆகும்.

இந்த வருஷம் அதே பாத்தியில ஆறே செடி. ரெண்டு மாசத்துல காய் வந்தது. வாரம் ரெண்டு நாள் குழம்புக்குக் கடைக்குப் போகல. மிச்சம் 12 நாத்தையும் குழுவில ரெண்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அவங்க வீட்டிலயும் இப்போ காய்க்குது.

பிடுங்கினது வீணாகல. ஒரு வீட்டுல நெருக்கியடிச்சு நின்னது மூணு வீட்டுல காய்ச்சது. அவ்வளவுதான்.