ஆற்றங்கரையில் முகாமுக்கு இடம் தேர்ந்தெடுத்தல்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தாமிரபரணிக் கரைக் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் வெளியூர் மக்கள் பலர் வந்து தங்குகின்றனர். 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ்க் கல்லூரி மாணவர்கள் ஏழு நாள் முகாமிட்டு, மரம் நடுதல், சாலை செப்பனிடுதல் முதலிய பணிகளைச் செய்கின்றனர். சாரணர்கள் வருகின்றனர். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்வோர் வழியில் இரவு தங்குகின்றனர். ஆடி அமாவாசைக்குக் காரையாற்றிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருந்திரளான மக்கள் குடும்பத்தோடு செல்கின்றனர். 2018 அக்டோபரில் நடைபெற்ற தாமிரபரணி புஷ்கர விழாவின்போது ஆற்றின் துறைகளில் கூடிய கூட்டத்தை நாம் அனைவரும் அறிவோம்.

இவ்வாறு வருவோர் நம்மிடம் கேட்கும் முதற் கேள்வி, “எங்கே தங்கலாம்?” என்பதே. “ஆற்றங்கரையில் இடத்துக்கா பஞ்சம்? எங்கு வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளுங்கள்” என்று நாம் விடை கூறிவிடுகிறோம். இந்த விடை அன்பினால் பிறந்தது. எனினும் அதில் ஆபத்து இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர் ஆற்றின் அழகைக் காண்கிறார். ஆற்றின் குணமோ உள்ளூரில் வாழ்பவருக்கே தெரியும். ஆகவே, தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வருபவரிடம் விட்டுவிடாமல், ஊராட்சியே முன்கூட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

தாமிரபரணி நீளத்தில் சிறிய ஆறு. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் வரை அது ஓடும் தொலைவு ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டிலும் மழை பெறுவதால் நமக்குக் காரும் பிசானமும் விளைகின்றன. ஆனால் மலை அருகில் இருப்பதால் அங்குப் பெய்யும் மழை சில மணி நேரத்தில் சமவெளிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மலையிலோ மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அது கோடைகாலம் என்பதை நினைவில் வையுங்கள். கோடையில் ஆற்றில் வெள்ளம் வராது என்று எண்ணுவது தவறு.

“மேலே அணைகள் இருக்கின்றனவே, அவை வெள்ளத்தைத் தடுக்காவா?” என்று சிலர் வினவலாம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய அணைகள் நமக்குப் பேருதவி புரிகின்றன. ஆயினும் அணை நிரம்பியபின் வருகிற நீரைத் திறந்துவிட்டே ஆகவேண்டும். மேலும், அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையை அணைகள் எவ்வாறு தடுக்கும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. சமவெளியில் பெய்த அந்த மழையாலேயே குளங்கள் பல உடைந்தன. ஊர்களும் வயல்களும் நீரில் மூழ்கின. அணை இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆற்று மணலில் கூடாரம் அடிப்பவர், மழையின் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டவர் ஆவார்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. எத்தனையோ வெள்ளங்கள் அக்கோயிலை மூழ்கடித்து வடிந்திருக்கின்றன. கற்கோயில் அசையாமல் நிற்கிறது. ஆனால் வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தவுடன், உற்சவ மூர்த்திகளை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். தெய்வத்துக்கே மேட்டில் ஓர் இடம் ஒதுக்கிவைத்த ஊர் நமது ஊர். அந்த ஏற்பாட்டை விருந்தினருக்கும் செய்துவைக்க வேண்டாமா? நீராடுமிடம் வேறு, உறங்குமிடம் வேறு. பகலில் ஆற்றுக்கு இறங்கலாம். இரவில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

இனி, எந்தெந்த இடங்களை விலக்க வேண்டும் என்பதைக் கூறுகிறேன். ஆற்று மணற்பரப்பும், ஆற்றின் நடுவிலுள்ள திட்டுகளும் அறவே கூடா. நீர் இருபுறமும் பெருகினால் திட்டிலிருப்பவர் கரையேற வழியில்லை. காட்டோடை ஆற்றில் வந்து விழும் முகத்துவாரமும் கூடாது. குளத்தைப் பொறுத்தவரை மூன்று இடங்களை விலக்குக. முதலாவது, குளத்தின் உள்வாய். வறண்ட காலத்தில் அது விளையாட்டு மைதானம்போல் தோன்றினாலும், நீர் தங்குவதற்கென்றே அமைந்த நிலம் அது. இரண்டாவது, மறுகால் ஓடை. குளம் பெருகும்போது நீர் முதலில் தேடிச் செல்லும் பாதை அதுவே. மூன்றாவது, கரையின் வெளிப்புற அடிவாரம். கரை உடைந்தால் தப்புவதற்கு நேரம் இராது.

விலக்க வேண்டியவற்றை விலக்கிய பின், ஏற்ற இடத்தைக் கண்டறிவது எப்படி? இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. ஊரிலுள்ள முதியவர்களை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்து செல்லுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் எதுவரை வந்தது என்று கேளுங்கள். மண்டபத் தூண்களிலும் வீட்டுச் சுவர்களிலும் உள்ள நீர்க்கறையைப் பாருங்கள். இரண்டு வெள்ளங்களில் உயர்ந்தது எதுவோ, அதற்கும் மேலே உள்ள நிலமே தங்குவதற்கு உரியது. அந்த எல்லையில் ஒரு கல்லை நட்டு அடையாளமிட்டு வையுங்கள். அடுத்த தலைமுறைக்கும் அது பயன்படும்.

மேடாக இருந்தால் மட்டும் போதாது. அவ்விடத்துக்குச் செல்லும் வழியையும் ஆராய வேண்டும். 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. இருப்புப் பாதையின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிட்டது; சாலைகளும் துண்டிக்கப்பட்டன. ஏறத்தாழ 800 பயணிகளுள் பெரும்பாலோர் 19ஆம் தேதிதான் மீட்கப்பட்டனர். அவர்கள் நீரில் மூழ்கவில்லை. எனினும் வெளியேற வழியின்றி, உணவுக்கும் குடிநீருக்கும் தவித்தனர். தரைப்பாலத்தைக் கடந்து சென்றுதான் அடையவேண்டிய மேடு, மழை நாளில் தீவாகிவிடும். ஆகையால், தரைப்பாலம் குறுக்கிடாத வழியுள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள்; ஆம்புலன்சு வண்டி வந்து திரும்பத்தக்க பாதை இருக்கவேண்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது சுகாதாரம். தாமிரபரணி திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கும், விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் சிலவற்றுக்கும் குடிநீர் வழங்கும் ஆறு. ஆற்றுப் படுகையிலுள்ள உறைகிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு நீர் எடுக்கப்படுகிறது. நம் ஊர் முகாமில் ஆற்றோரம் அசுத்தம் செய்தால், கீழே உள்ள ஊரின் குழாயைத்தான் அசுத்தம் செய்கிறோம். பேரிடர்க் காலத் தங்குமிடங்களுக்காக உலக அளவில் வகுக்கப்பட்டுள்ள நெறிமுறையின்படி, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீரும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும். நூறு மாணவர்கள் வந்தால் நாள்தோறும் 1,500 லிட்டர் தண்ணீரும் ஐந்து கழிப்பறைகளும் தேவை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை, ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர் தள்ளியும், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்திலும் இருத்தல் நலம். ஆற்று நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும். நீராடியபின் துணிகளை ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கம் பாபநாசத்தில் எத்தகைய கேட்டை விளைவித்துள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கம் நம் ஊர்த் துறைகளுக்குப் பரவாமல் தடுப்பது நம் கடமை.

ஆற்றங்கரை மனிதருக்கு மட்டும் உரியதன்று. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எவரும் தங்கலாகாது. சொரிமுத்து அய்யனார் கோயில் விழாவில் முன்பெல்லாம் பக்தர்கள் குடில் அமைத்துப் பல நாட்கள் தங்குவது வழக்கம். காட்டையும் ஆற்றையும் காப்பதற்காக அண்மை ஆண்டுகளில் தங்கும் நாட்கள் குறைக்கப்பட்டுள்ளன. சமவெளியிலும் இந்தக் கவனம் வேண்டும். கடனாநதி தாமிரபரணியோடு கூடும் திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊர் மக்களே முன்வந்து கேட்டுக்கொண்டதன் பேரில், 2005ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இவ்வகைப் பாதுகாப்பகங்களுள் நாட்டிலேயே முதலாவது அதுவே. கூந்தன்குளத்து மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதையே தவிர்க்கின்றனர். பறவைகள் கூடு கட்டியுள்ள குளத்தருகே ஒலிபெருக்கியோடு கூடிய முகாமுக்கு இடம் கொடுப்பது, அந்த மக்களின் முன்மாதிரிக்கு நாம் செய்யும் அவமதிப்பாகும்.

விவசாயிகளின் மனக்குறையையும் நான் மறக்கவில்லை. “முகாம் முடிந்து அவர்கள் போய்விடுவார்கள், உடைந்த கண்ணாடியை மிதிப்பது நாங்கள் அல்லவா? வாய்க்காலில் அடைத்த குப்பையை வாருவதும் நாங்கள் அல்லவா?” என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆகவே வாய்க்கால் கரையையும் மடைகளையும் முகாமுக்கு விடலாகாது. தரிசு நிலமானாலும் உரியவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ஆற்றுப் புறம்போக்கும் குளமும் ஆயின் நீர்வளத் துறையையும், கோயில் நிலமாயின் அறநிலையத் துறையையும் கேட்க வேண்டும். ஊரில் மேட்டு நிலமே இல்லையென்றால் வருந்த வேண்டாம். பள்ளிக் கட்டடமும் சமுதாயக் கூடமும் மேட்டில் இருந்தால் அவற்றைவிடச் சிறந்த முகாம் வேறில்லை. ஆற்றுக்கு அரை மைல் நடப்பதால் மாணவர்களுக்கு நன்மையே விளையும்.

“ஆற்றைக் காண வந்தவரை ஆற்றிலிருந்து விலக்கி வைப்பதா?” என்று கேட்பவரும் உண்டு. நாம் எவரையும் விலக்கவில்லை. மருத மரத்தின் நிழலில் பகல் முழுவதும் அமர்ந்திருக்கட்டும், படித்துறையில் நீராடட்டும். கண் விழித்திருக்கும்போது ஆறு பெருகினால் ஓடி வரலாம். உறங்கும்போது பெருகினால் என்ன செய்வது? இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இத்தனை ஏற்பாடுகளும்.

இப்பணியை ஊராட்சி எவ்வாறு தொடங்கலாம்? மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அதற்கு முன்பே கரையைப் பார்வையிட்டு, தங்கத்தக்க இடம் ஒன்றையும், விலக்கத்தக்க இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் அவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். வருவோரின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள், பொறுப்பாளரின் பெயர், அவருடைய தொலைபேசி எண் ஆகியவற்றை முன்கூட்டியே பெறுங்கள். முகாம் நடக்கும் நாட்களில் வானிலை அறிக்கையையும் அணைகளின் நீர் வரத்தையும் தினமும் கேட்டறிய உள்ளூரில் ஒருவரை நியமியுங்கள். அவசரத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். இரவில் ஓர் எச்சரிக்கை ஒலி கேட்டால் அனைவரும் எந்த வழியாக எங்கே செல்லவேண்டும் என்பதை முதல் நாளிலேயே நடந்து காட்டிவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறியது: ஒரு கல், ஒரு பலகை, ஒரு தீர்மானம். ஆனால் பிறர் வீட்டுப் பிள்ளைகள் நம் ஊரை நம்பி வந்து உறங்குகிறார்கள். அவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவதே விருந்தோம்பலின் முதற் பகுதி. உணவளிப்பது அதற்கு அடுத்தது. வருகிற மழைக்காலத்துக்கு முன்பாக ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் வெள்ளம் ஏறாத இடத்தைக் கண்டறிந்து கல் நட்டு வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.