அட்டையில் முதல் திரை

தேர்தல் வந்தால் சென்னை நொச்சிக்குப்பம் போன்ற இடங்களின் சந்துகளுக்குள் ஒரு பெட்டியும் வரும். மரத்திலோ பிளைவுட்டிலோ செய்த மாதிரி வாக்கு இயந்திரம். அசல் அளவில் பாதிதான் இருக்கலாம் என்பது தேர்தல் ஆணைய விதி. மாதிரிப் பெட்டியில் ஒருமுறை அழுத்திப் பார்த்த பாட்டிக்கு வாக்குச்சாவடியில் கை தயங்காது.

இந்தப் பெட்டி, இயந்திரம் செய்து முடித்த பிறகு வருகிறது. முன்பே வந்தால் எப்படி இருக்கும்? கணினித் திரையையும் செயலியையும் முதலில் காகிதத்திலும் அட்டையிலும் செய்து பார்க்கும் கலை அதுதான்.

1980களில் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 'உட்டோப்பியா' என்றொரு திட்டம் நடந்தது. நாளிதழ் அச்சகத்துக்குக் கணினி வரவிருந்த காலம். வெற்று அட்டைப்பெட்டியில் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி வைத்து, அதைச் சுற்றித் தொழிலாளர்களே வேலை செய்து பார்த்தார்கள். தங்களுக்கு எது வேண்டும் என்பதை அவர்களே சொன்னார்கள்.

நம் கரைக்கு வருவோம். காற்றையும் அலை உயரத்தையும் மீனவர்களுக்குச் சொல்ல, தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்ற செயலியைத் தந்திருக்கிறது. அதுபோல் ஒன்றை நீங்கள் செய்யப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ட் அட்டையைக் கைபேசி அளவுக்கு வெட்டுங்கள். துண்டுக்கு ஒரு திரை வரையுங்கள். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் அண்ணன் முன்னால் மணலில் வையுங்கள். அவர் விரல் ஒரு படத்தைத் தொட்டதும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு அடுத்ததை வையுங்கள். அங்கே கணினி நீங்கள்தான். விளக்கம் சொல்லக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே உங்கள் வரைபடத்தில் தவறு இருக்கிறது. 'வடக்குக் காற்று' என்று எழுதியிருப்பீர்கள். "வாடைன்னு போடு தம்பி" என்பார். அந்த இடத்திலேயே அழித்து எழுதலாம்.

பளபளப்பாக முடிந்த செயலியைக் காட்டினால் பலரும் "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பென்சில் கோட்டில் குறை சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. இந்தக் கலையின் பெருமை அதில்தான் இருக்கிறது.

நடுப்பகல் வெயிலில் திரை மங்குவதையும், ஈரக்கைக்குத் தொடுதிரை மக்கர் செய்வதையும் அட்டை காட்டாது. அதற்கு அசல் கைபேசியோடு படகேறத்தான் வேண்டும். ஆனால் சொற்களும் திரைகளின் வரிசையும் சரியா என்பதை அட்டை ஒரே மாலையில் சொல்லிவிடும்.

செயலி செய்யும் இளைஞர்களே, முதல் நாள் மடிக்கணினி வீட்டிலேயே இருக்கட்டும். கத்தரிக்கோலும் கொஞ்சம் அட்டையும் எடுத்துப் போங்கள். பென்சிலைக் கடலுக்குப் போகிறவர் கையில் கொடுங்கள்.