பயமில்லாத மைதானம்



துறைமுகப் பட்டினத்தவராகிய நமக்கு உதைபந்தாட்டம் என்றால் உருண்டைப் பந்து, காலுக்குத்தான் வேலை. அமெரிக்கர் அதே பெயரில் ஆடுவது வேறோர் ஆட்டம். இருமுனையும் கூரிய பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். எதிரணியினர் பாய்ந்து வீழ்த்துவர். தலைக்கவசம் இல்லாமல் ஆட முடியாத முரட்டு ஆட்டம். அதனை மென்மையாகக் கற்பித்து வென்ற ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜோன் கலார்டி.

1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் நமது திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அதே யுத்தம், மறு வருடம், கொலராடோ மாநிலத்துப் பாடசாலை ஒன்றின் பயிற்றுநரைப் படைக்கு அழைத்துக்கொண்டது. அணியைக் கலைத்துவிட எண்ணினர். "நானே பயிற்றுவிக்கிறேன்" என்று முன்வந்தான், அந்த அணியில் ஆடிய பதினாறு வயதுப் பையன் கலார்டி. தனக்குப் பிடிக்காதிருந்தவற்றை முதலில் நீக்கினான். பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அக்கால வழக்கம், அவன் குடிக்கவிட்டான்.

1953இல் மினசோட்டா மாநிலத்துச் சென். ஜோன்ஸில் பொறுப்பேற்றார். பெனடிக்ற் சபைத் துறவிகள் நிறுவியது அது. பெயரில் பல்கலைக்கழகம், அளவில் சிறு கல்லூரி. அவருடைய பயிற்சியில் ஒருவரையொருவர் வீழ்த்துவதில்லை, விசில் இல்லை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதுமில்லை. தம்மை 'ஜோன்' என்றே மாணவர் அழைக்கவேண்டும் என்றார். ஆனால், ஒவ்வோர் ஆட்டமுறையையும் பிழை அறும்வரை திரும்பத் திரும்பச் செய்வித்தார். தண்டனையைத்தான் கைவிட்டார், உழைப்பைக் கைவிடவில்லை.

2003ஆம் வருடப் பருவத்துக்கு வருவோம். இத்தகைய சிறு கல்லூரிகளின் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது. ஆடுபவன் ஆசைக்காகவே ஆடுகிறான். அவ்வருடம் நவம்பரில் கலார்டி தமது 409ஆவது வெற்றியைப் பெற்று, எடி ரொபின்சனின் 408 என்ற சாதனையைக் கடந்தார். டிசம்பர் 20இல் வேர்ஜினியாவின் சேலம் நகரில் இறுதியாட்டம். எதிரே மவுண்ட் யூனியன். தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. முடிவு 24க்கு 6; சம்பியன் சென். ஜோன்ஸ். அந்தப் பருவத்தின் 14 ஆட்டங்களிலும் அவர்களுக்கே வெற்றி. பயிற்றுநருக்கு அப்போது வயது 77.

2012இல் ஓய்வுபெற்றபோது அவருடைய வெற்றிகள் 489. அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் அதுவரை எந்தப் பயிற்றுநரும் எட்டாத எண்ணிக்கை. 2018இல் அவர் மறைந்தார்.

நேயர்களே, பிள்ளைகளை வெருட்டினால்தான் ஒழுங்கு வரும் என்ற எண்ணம் நமது பாடசாலை மைதானங்களிலும் உண்டு. வெயிலில் ஓடவிட்டு, ஏசி, அவமானப்படுத்தி அணியை ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறோம். பயந்த பிள்ளை இன்று ஓடுவான். நாளை மைதானத்துக்கே வரமாட்டான். அவனோடு ஒரு நல்ல ஆட்டக்காரனையும் இழந்துவிடுவோம். அணியில் எத்தனை பேர் வென்றார்கள் என்று எண்ணுமுன், எத்தனை பேர் விருப்பத்தோடு நிலைத்தார்கள் என்றும் எண்ணிப் பார்ப்போமாக.